எந்த நாட்டின் தூதுவர்?

உயர்தர வகுப்பில் ஒரு நாள் ஒரு புகைப்படத்தைக் காட்டினேன். நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலைக்கு முன்னால், மாவோ பாணி உடுப்போடும் கறுப்புக் கண்ணாடியோடும் விறைப்பாக நிற்கும் ஒரு சீனர். “சேர், இவர் சீன அரசாங்கத்தின்ட ஆளா?” என்று ஒரு மாணவர் கேட்டார். கலைஞர் எதிர்பார்த்த கேள்வியும் அதுதான்.

செங் குவொங் சி 1950இல் ஹொங்கொங்கில் பிறந்தவர். 1966இல் குடும்பத்தோடு கனடாவுக்குப் பெயர்ந்தார். பாரிஸில் கலை பயின்று, 1978இல் நியூயோர்க் வந்து சேர்ந்தார். உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்த உணவகத்தில் பெற்றோரோடு சாப்பிடப் போனபோது, பழைய உடுப்புக் கடையில் வாங்கிய மாவோ உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். உணவகத்தார் பெரிய பிரமுகர் என்று எண்ணி உபசரித்தார்கள். அங்கே உருவானவர்தான் இந்தக் கற்பனைத் தூதுவர். 1979 முதல் பத்தாண்டுகள் அவ்வுடுப்போடு டிஸ்னிலாந்து உட்பட எங்கெங்கோ போய்த் தன்னைத்தானே படமெடுத்தார். கமெராவை இயக்கும் வயர் பல படங்களில் கையிலேயே தெரிகிறது.

இதை அமெரிக்கரின் அறியாமை மீதான பகிடி என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. செங்கின் தந்தை தேசியவாதப் படையில் இருந்தவர். 1949இல் கம்யூனிஸ்டுகள் வென்றதோடு சீனாவை விட்டு வெளியேறிய குடும்பம் அது. மகன் அணிந்ததோ, அந்தக் குடும்பத்தைப் புலம்பெயர வைத்தவர்களின் உடுப்பு. வேர் தேடும் கலைஞர் பாட்டனாரின் பட்டு அங்கியைத் தேடியிருப்பார். இவர், மற்றவர்கள் தன்மேல் ஏற்கெனவே மாட்டிவிட்ட உடுப்பை எடுத்துத் தானே பொத்தான் பூட்டிக்கொண்டார். 1980இல் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் சிங் வம்ச ஆடைக் கண்காட்சிக்கு நடந்த விருந்திலும் அதே கோலத்தில் புகுந்து, பிரமுகர்களோடு நின்று படமெடுத்தார். அரச பட்டை ரசிக்க வந்தவர்கள் புரட்சியின் சீருடைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை கூர்மையான கேலியை ஒரு கட்டுரையால் செய்ய ஏலாது.

ஒரு குறையும் உண்டு. கீத் ஹாரிங்கின் நிலக்கீழ் ரயில் ஓவியங்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்துக் காத்தவர் இதே செங். அந்த நண்பரின் முகம் தூதுவரின் விறைப்புக்குள் காணாமற் போகிறது. ஒரே பாவனை திரும்பத் திரும்ப வரும்போது, முகமூடி மனிதனை விழுங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது.

பிந்திய படங்கள்தான் இதற்குப் பதில் சொல்கின்றன. கனடாவின் மலை ஏரியிலும் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கிலும் அவர் ஒரு புள்ளியாகச் சிறுத்துவிடுகிறார். அங்கே அவரைப் பிழையாக விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. பகிடி அடங்கி, தனியே நிற்கும் ஒரு பயணி மட்டும் மிஞ்சுகிறார். 1990இல், 39 வயதில், எயிட்ஸ் நோயால் அவர் காலமானார்.

வகுப்பில் அந்த மலைப் படத்தையும் காட்டினேன். முதலில் கேட்ட அதே மாணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஆக்களே இல்லாத இடத்தில ஆருக்கு சேர் அந்த உடுப்பு?”

மணி அடித்துவிட்டது. அடுத்த பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.