சத்திரமும் சின்னமும்

பழைய கட்டடம் ஒன்றை நாம் பாராட்ட ஆரம்பித்துவிட்டோம் என்றால், பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். கோயிலுக்கு இந்த விதி பொருந்தாது. சத்திரத்துக்கு நன்றாகப் பொருந்தும். திருச்சியில் சத்திரம் என்றால் பஸ் நிலையம். ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை. பெயரை நம்பி யாரும் அங்கே மூட்டையோடு படுக்கப் போவதில்லை.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, பெரியமேட்டில் நிற்கும் சித்தீக் சராயைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதன் வளைவுகளை வருணிப்பார்கள். பாணிக்கு ஒரு பெயர் சூட்டுவார்கள். அதோடு விஷயம் முடிந்தது. 1921-ல் அதைக் கட்டியவர் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம். ஆற்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர். தோல் வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகப் பதனிட்ட தோல் பெரியமேட்டு மண்டிக்குப் போயிற்று. தோலோடு மனிதர்களும் போனார்கள். ரயிலை விட்டு இறங்கியவனுக்கு முதல் தேவை தலை சாய்க்க ஓர் இடம் என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சத்திரத்தின் அழகு முதலில் அதன் வாசல் எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. தூணும் வளைவும் பிற்பாடுதான்.

முஸ்லிம் பிரயாணிகளுக்கென்று கட்டியது அது. இதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் திண்ணைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஜாதி காவல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கதவு மூடியிருந்தவன் தனக்கென்று ஒரு கதவு வைத்துக்கொண்டான். குற்றம் முதல் கதவினுடையது.

சரி, சத்திரத்தை எதைக் கொண்டுதான் அளப்பது? அளவுகோல் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. 1801-ல் சரபோஜி மன்னர் கும்பினியாருக்கு எழுதிய கடிதம் அது. சத்திரங்களின் வரும்படியில் கைவைக்க வேண்டாம் என்று கேட்கிறார். அங்கே நடப்பதை வரிசையாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. நோயாளிக்கு மருந்தும் பத்தியமும். அநாதைக் குழந்தைக்குப் படிப்பு. பாம்புக்கடிக்கு வைத்தியர். நடுநிசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிடுவார்களாம். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் ஞாபகார்த்தமாக அவர் எழுப்பிய சத்திரத்தின் யானை குதிரைச் சிற்பங்களைப் படம் பிடித்தவர்கள் அநேகர். இந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் அவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள்.

ஹக்கீமின் சொந்தச் சீமைக்கே இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வாருங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஆரம்பித்த சிறு வைத்தியசாலை இன்று பெரிய ஆஸ்பத்திரி. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜ்களின் பெயர்ப் பலகைகளே வங்காளி பேசுகின்றன. வாடகை அறையில் அடுப்பு மூட்டி, பரிசோதனை முடிவுக்காக நாள் எண்ணுகிறார்கள். சரபோஜி சொன்ன வழிப்போக்கர் இவர்கள்தாம். லாட்ஜ்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் அறை கொடுக்கிறார், காசு வாங்குகிறார். ஆனால் கையிருப்புத் தீர்ந்தவனை நடுநிசியில் கூப்பிட்டுக் கேட்கும் மணி அந்தத் தெருக்களில் எத்தனை இருக்கிறது?

பழைய சத்திரங்களைச் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. நாலு அறையையாவது பிரயாணிக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைக் காட்சிக்கு வைக்கட்டும். தோல் பணத்தில் பள்ளியும் கல்லூரியும் எழுப்பிய இந்தச் சீமைக்கு, ஆஸ்பத்திரி வாசலில், மதமும் ஜாதியும் கேட்காத ஒரு சராய் கட்டுவது பெரிய காரியம் அல்ல. ஹக்கீமுக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் எனக்குத் தோன்றவில்லை.