அருவியா, நீர்வீழ்ச்சியா?

நயாகரா நீர்வீழ்ச்சி என்று பாடநூலில் படித்தோம். குற்றாலத்தையும் இப்போது அப்படியே எழுதுறாங்க. பழந்தமிழில் இதற்குப் பெயர் அருவி. இரண்டும் ஒன்றுதானே என்பார் உண்டு. வணிகன் நான்; தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் சொல்வேன்.

திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலை அருவியோடு நிறைவடைகிறது. அது வாழையை முறிக்கிறது. தென்னையின் இளநீர்க் குலையை உதிர்க்கிறது. யானைத் தந்தத்தைத் தழுவிக்கொண்டு இறங்குகிறது. உயிருள்ள ஒன்றின் நடமாட்டம் இது. 'வீழ்ச்சி' என்றதும் நம் காதில் என்ன விழுகிறது? விலை வீழ்ச்சி, பேரரசின் வீழ்ச்சி. நட்டக் கணக்குச் சொல்லை மலையின் அழகுக்குச் சூட்டலாமா?

எதிர்வாதங்களையும் பார்ப்போம். தண்ணீர் விழத்தானே செய்கிறது என்பார்கள். உண்மைதான். தென்காசிப் பக்கம் "அருவியில தண்ணி விழுதா?" என்றுதான் கேட்கிறார்கள். விழுவது தண்ணீர், பெயர் அருவி. பேச்சுத் தமிழுக்கு இந்தத் தெளிவு இருக்கிறது.

நீர்வீழ்ச்சி ஆங்கிலத்தின் நகல் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவதும் சரியில்லை. ஜலபாதம் என்ற வடசொல்லும் அதே அமைப்புத்தான். வள்ளுவரின் காமத்துப்பாலில் வீழ்வார் என்றால் விரும்புவோர். ஆக, 'வீழ்' என்ற வேரில் குற்றமில்லை; 'வீழ்ச்சி' என்ற வடிவத்தில் இன்று ஏறியிருக்கும் பொருளில்தான் இடறல்.

மலையாளத்தில் அருவி சிறு நீரோடையைக் குறிக்கும். உயரத்திலிருந்து கொட்டுவது வெள்ளச்சாட்டம். அப்படியானால் அருவி என்பது அளவு தெரியாத சொல்லா? இல்லை. குற்றாலத்திலேயே பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, தேனருவி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'கண்ணீர் அருவியாகக் கொட்டியது' என்கிறோம். அங்கே நீர்வீழ்ச்சியை வைத்துப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். உவமைக்கு இசைவதே உயிருள்ள சொல்.

மராத்தியர் நீர் விழும் ஓசையையே பெயராக்கித் 'தப்தபா' என்கிறார்கள். மழைக்காலத்தில் லோனாவாலா போய்வரும் நம் மும்பைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும், 'பால்ஸ்' தெரியும். அருவி தெரியுமா? அடுத்த முறை மால்சேஜ் காட்டில் நனையும்போது, "இதுக்கு நம்ம ஊர்ல அருவின்னு பேரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முதல் இழப்பின்றி வட்டி தரும் சொத்து அது.