மேக்ரோவும் பொருள் வேறுபாடும்: ஒரு லேடெக் நூல்

இந்திய டெக் பயனர் குழு 2003இல் திருவனந்தபுரத்திலிருந்து வெளியிட்ட ‘லேடெக் டுடோரியல்ஸ்: எ பிரைமர்’ என்னும் ஆங்கில நூல், கணினி அச்சுக்கோப்பினைத் தொடக்க நிலையினர்க்குக் கற்பிப்பது. இ. கிருஷ்ணன் பதிப்பித்தது. டொனால்டு நூத் உருவாக்கிய டெக் மென்பொருளின்மீது லெஸ்லி லாம்போர்ட் அமைத்த மேக்ரோத் தொகுப்பே லேடெக். பல கட்டளைகளை ஒரு பெயரில் அடக்குவது மேக்ரோ எனப்படும்.

பனுவலின் அமைப்பையும் அச்சு வடிவையும் பிரித்துக் காட்டுவது இந்நூலின் சிறப்பு. இது தலைப்பு, இது மேற்கோள் என எழுதுவோர் குறித்தால் போதும். எழுத்தளவும் இடைவெளியும் மேக்ரோவின் வரையறையால் அமையும்.

ஆயினும், பயனர் தாமே மேக்ரோ வகுக்கும் முறை கணித அச்சுக்கோப்பு இயலுள் வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்புமுறை பொருத்தமானதன்று. இலக்கண ஆய்வேடொன்றில் சான்றுச் சொற்களும் நூற்பெயர்களும் சாய்வெழுத்தில் அமைவதாகக் கொள்ளலாம். இரண்டையும் ‘சாய்வு’ என்றே குறித்திருப்பின், பின்னர்ச் சான்றுச் சொற்களை மட்டும் தடித்த எழுத்தாக்க ஒவ்வோரிடத்தையும் தேடித் திருத்த நேரும். ஒவ்வொன்றுக்கும் தனி மேக்ரோ வகுத்திருப்பின் ஒரு வரியை மாற்றினாலே போதும். ‘ஆறு’ என்னும் ஒரே வடிவம் எண்ணையும் நதியையும் குறிப்பதை அறிந்த மொழியியலார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. எனவே மேக்ரோ கணிதத்தார்க்கு மட்டும் உரியதன்று.

இந்திய எழுத்துகளுக்கெனத் தனி இயல் இல்லாமையும் ஒரு குறையே. 2004இல் வெளிவந்த ஸீடெக், யூனிகோடு பனுவலை நேரே ஏற்பதால் தமிழுக்கும் இம்முறை இன்று பொருந்தும். திருத்தவும் பகிரவும் இசைவளிக்கும் உரிமத்துடன் இந்நூல் வெளிவந்துள்ளது. ஆகவே தமிழ்ச் சான்றுகளுடன் இதனை விரித்தெழுதுவது தமிழாய்வார்க்கு உரிய பணியாகும்.