வரலாற்று நாவலும் சித்திர நாவலும்: மாத்தளை வாசகர் கற்கத்தக்க சில நூல்கள்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருவழியை அடுத்து, ஆலுவிகாரை என்னும் பழம் பௌத்தப் பள்ளி உள்ளது. வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்திலேயே என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய காலம் அது. மனனஞ் செய்த துறவியர் மாண்டால் அவர் நெஞ்சில் வாழ்ந்த நூலும் உடன் மாளும் என்ற அச்சமே அவர்களை ஏடும் எழுத்தாணியும் எடுக்கச் செய்தது. நினைவை நம்பியிருந்த ஒரு கூட்டம், நினைவு போதாது என உணர்ந்து எழுத்தை நாடிய இடம் நமது மாவட்டத்தில் உள்ளது என்பதை மாணவர் மறத்தல் ஆகாது.

அப்பெருவழியிலேயே பிற்காலத்தில் வேறொரு கூட்டம் நடந்து வந்தது. 1823ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கப்பெற்றதன் பின்னர், தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் திரள்திரளாக அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கியோர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடு கடந்து மாத்தளையை அடைந்து, ஈண்டிருந்து மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் தாகத்தாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களைப் பற்றித் துரைமார் எழுதினர். அரசாங்க அதிகாரிகள் எழுதினர். கங்காணிமார் கடன் கணக்கு எழுதினர். நடந்தவர் எழுதவில்லை. அவர் வைத்துப் போனவை சில நாட்டார் பாடல்களும், பாட்டி பேரனுக்குச் சொன்ன கதைகளுமே. ஆலுவிகாரைத் துறவியர் கொண்ட அச்சம் இங்கே நமக்கும் உரியதாகின்றது.

வரலாற்று நாவல் என்னும் இலக்கிய வகையை நாம் மதிப்பிட வேண்டியது இவ்விடத்திலிருந்தே. பழங்காலத்தைப் பின்னணியாகக் கொண்ட கதை யாவும் வரலாற்று நாவல் எனப் பொதுவாகக் கூறுவர். அது புறத்தோற்றத்தைக் கொண்டு செய்யும் வரையறை. ஏடுகள் எண்ணிக்கையாக மட்டும் குறித்துச் சென்ற மனிதனுக்குப் பெயரும் பசியும் பேச்சும் தந்து அவனை நம்முன் நிறுத்துவதே இவ்வகையின் தலையாய பணி என்பது எமது கருத்து. அதனை நிறைவேற்ற மூன்று தகுதிகள் வேண்டும். சான்றுகளுக்கு மாறுபடாமை ஒன்று. அக்காலத்தவர் வாயில் இக்காலத்தவர் கொள்கையைத் திணியாமை இரண்டு. யாருடைய கண்கொண்டு கதை காணப்படுகின்றது என்பதில் ஆசிரியர்க்குத் தெளிவு இருத்தல் மூன்று. இவ்வளவுகோலைக் கொண்டு, நூலக வாசகர் கைக்கொள்ளத்தக்க சில நூல்களை ஆராய்வோம்.

தமிழில் வரலாற்று நாவல் என்றவுடன் கல்கியே நினைவுக்கு வருவார். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் நமது மாவட்டத்திற்கும் ஓர் உறவுடையது. அருள்மொழிவர்மரைத் தேடி வந்தியத்தேவன் ஈழம் வருகிறான். தம்பள்ளை எனக் கல்கி எழுதும் ஊர் நமது தம்புள்ளையே. இக்கதைக்காகக் கல்கி ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்து இடங்களை நேரிற் கண்டார். கதையின் ஓட்டமும் உரையாடலின் நயமும் இன்றும் புது வாசகரை ஈர்க்கின்றன. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இது திரைப்படமாக வந்தபின் நூலைத் தேடுவோர் பெருகினர். ஆயினும் அதில் தம்புள்ளை வழியே செல்வோர் அரசகுமாரரும் ஒற்றரும் வீரருமே. அது கல்கியின் குறையன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. அந்நூலோடு வாசிப்பை நிறுத்திக்கொள்ளும் வாசகனிடமே குறை உள்ளது. அரசர் சென்ற பாதையிலேயே தன் பாட்டனும் நடந்தான் என்பதை அவன் அறியாது போகிறான்.

அப்பாட்டனின் கதையைக் கூறும் நூல்கள் தமிழில் இல்லாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை 1964இல் வெளிவந்தது. புதிய நூலன்றாயினும், புதியனவற்றை அளக்க உதவும் பழைய அளவுகோல் என்பதால் இதனை முதலில் வைக்கின்றோம். கடல் கடந்து வந்தவரின் வாழ்வை ஒரு பெண்ணின் வாழ்வாகக் கண்டமை இதன் சிறப்பு. தொலைவில் பசுமையாகத் தோன்றிய மலை அருகே சென்றபோது என்னவாயிற்று என்பதைத் தலைப்பே கூறிவிடுகின்றது. கொழுந்து பறிப்பதும், பிள்ளை பெறுவதும், அடுப்பு மூட்டுவதும் ஒருத்தியின் ஒரு நாளுக்குள் அடங்கும் விதத்தை வரலாற்று ஆசிரியர் எளிதில் கூறார். நாவலாசிரியர் கூற வல்லவர்.

அடுத்துக் கூறத்தக்கது எரியும் பனிக்காடு. மருத்துவர் பி. எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 2007இல் தமிழாக்கினார். களம் இலங்கையன்று, தமிழகத்து ஆனைமலைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களே. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட ஊர் ஒன்றிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் முன்பணம் என்னும் வலையில் அகப்பட்டு மீளாது தவிக்கின்றனர். ஆசிரியர் மருத்துவராதலின் நோயும் சாவும் மிகைச்சொல் இன்றிக் கூறப்படுகின்றன. சிற்சில இடங்களில் பாத்திரங்களை விலக்கி ஆசிரியரே முன்வந்து நீதி பேசுவது கலைக்கு ஊறு எனலாம். எனினும், கடன் எவ்வாறு ஒரு மனிதனை விலங்கின்றிக் கட்டிவைக்கும் என்பதனை இந்நூல் போலத் தெளிவுறக் காட்டுவன சிலவே. 2013இல் வெளிவந்த பரதேசி என்னும் திரைப்படத்திற்கு அடிப்படையானதும் இதுவே. படம் கண்டோர் நூலையும் கற்பாராயின், கண்ணீரோடு காரணமும் விளங்கும்.

இனிக் கோப்பிக் காலத்திற்கு வருவோம். கிறிஸ்டீன் ஸ்பிட்டெல் வில்சன் 1957இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. சடகோபன் கசந்த கோப்பி என்னும் பெயரால் தமிழில் தந்துள்ளார். இது பெரிதும் வெள்ளைத் தோட்டக்காரரின் பக்கமிருந்து அக்காலத்தைக் காண்பது. அதனை ஏன் நாம் படித்தல் வேண்டும் என வினவுவோர் உளர். பங்களாவின் சாளரத்திலிருந்து பார்ப்பவர்க்கு லயம் எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு தெரியவில்லை என்பதை அறிதலும் வரலாற்றறிவின் ஒரு கூறே. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பிப் பயிரை அழித்தபோது துரையின் முதல் போயிற்று. தொழிலாளியின் கஞ்சி போயிற்று. இரண்டும் ஓரிழப்பாகா என்பதை வாசகன் தானே உணர்ந்துகொள்ள இந்நூல் இடந்தருகின்றது.

மாத்தளையைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட எழுத்தாளர் மாத்தளை சோமு கண்டிச்சீமை என்னும் நாவலில் இதே காலத்தைத் தொழிலாளர் பக்கமிருந்து எழுதினார். கண்டிச்சீமை என்பது அம்மக்கள் தம் வாய்மொழியில் மலைநாட்டிற்கு இட்ட பெயர். அச்சொல்லில் ஆசையும் உண்டு, ஏக்கமும் உண்டு. சடகோபன் எழுதிய கண்டிச்சீமையிலே என்னும் கோப்பிக்கால வரலாற்று நூலையும் இந்நாவலையும் ஒருங்கே எடுத்துச் செல்லுமாறு மாணவர்க்குக் கூறுவோம். பெயரால் நெருங்கிய இவ்விரு நூல்களுள் ஒன்று சான்று கூறும். மற்றொன்று அச்சான்றுக்கு உயிர் கொடுக்கும். ஒன்றனை மற்றொன்றால் சோதித்துக் கற்றலே வரலாற்று நாவலைக் கற்கும் முறை.

ஆங்கிலம் கற்க வல்ல உயர்வகுப்பு மாணவர்க்கு வி. வி. கணேசானந்தன் எழுதி 2023இல் வெளிவந்த நாவல் ஒன்றையும் பரிந்துரைப்போம். சகோதரர் அற்ற இரவு எனப் பொருள்படும் தலைப்பையுடைய அந்நூல், 1980களின் யாழ்ப்பாணத்தை மருத்துவம் பயிலும் ஒரு பெண்ணின் குரலில் கூறுவது. 2024இல் பெண் எழுத்தாளர்க்கான பிரித்தானியப் பரிசைப் பெற்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும், 1983இன் வன்செயல்களும் அதன் காலத்துள் அடங்குவன. எப்பக்கத்துக் கொலையையும் நியாயப்படுத்தாது நின்று பேசும் அதன் துணிவு குறிப்பிடத்தக்கது. அண்மைக்காலமும் வரலாறே என்பதை வாசகன் இதிலிருந்து அறிவான்.

இனிச் சித்திர நாவலைப் பற்றிக் கூறுவோம். படக்கதை சிறுவர்க்கே உரியது. அது வாசிப்புப் பழக்கத்தைக் கெடுக்கும் எனப் பெரியோர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து நமது மாவட்டத்தில் எடுபடாது. தம்புள்ளைக் குகைக் கோயிலின் விதானத்தை அண்ணாந்து பார்த்தோர், புத்தர் வரலாறும் மாரனின் படையெடுப்பும் அடுத்தடுத்த காட்சிகளாகத் தீட்டப்பெற்றிருத்தலைக் கண்டிருப்பர். எழுத்தறியாதாரும் எழுத்தறிந்தாரும் ஒருங்கே கற்ற நூல் அது. பொன்னியின் செல்வன் படித்தோர் நெஞ்சில் வந்தியத்தேவனின் முகம் நிற்பது கல்கியின் எழுத்தால் மட்டுமன்று. மணியத்தின் கோடுகளாலும் ஆகும்.

இவ்வகையின் தகுதியை உலகிற்கு உணர்த்தியது ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த மவுஸ். 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற அந்நூலில் யூதர் எலிகளாகவும் நாசிகள் பூனைகளாகவும் தீட்டப்பெற்றுள்ளனர். வதைமுகாமிலிருந்து பிழைத்த தந்தையிடம் மகன் சென்றமர்ந்து பழங்கதை கேட்பதும், இருவரும் பிணங்குவதும், மீண்டும் கேட்பதும் நூலின் பகுதிகளாகவே வரையப்பட்டுள்ளன. வரலாறு எவ்வாறு ஒரு வாயிலிருந்து இன்னொரு கைக்கு வருகின்றது என்பதையே அவர் படமாக்கிவிட்டார். மர்ஜானே சத்ரபி ஈரானில் தாம் கழித்த இளமையை வரைந்த பெர்சிபொலிஸ் தமிழிலும் கிடைக்கின்றது. அரசியல் புரட்சி ஒரு சிறுமியின் வீட்டிற்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை அது கறுப்பு வெள்ளையில் காட்டும்.

நமக்கு இன்னும் அண்மையது பீமாயணம். அம்பேத்கரின் வாழ்வை 2011இல் கோண்டுப் பழங்குடி ஓவியரான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் தீட்டினர்; தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. அவர்கள் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கவில்லை. தம் மரபுக் கோலங்களைக் கொண்டே காட்சிகளைப் பிரித்தனர். அன்பான சொற்கள் பறவை வடிவிலும், கொடுஞ்சொற்கள் தேளின் கொடுக்கோடும் வரையப்பட்டுள்ளன. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் தாகத்தை இவ்வோவியங்கள் கூறும்போது, பிறநாட்டுப் படக்கதையின் இலக்கணத்தைக் கடன் வாங்காமலே நமது மண்ணின் கோடுகளால் நமது வரலாற்றைக் கூற இயலும் என்னும் துணிவு பிறக்கின்றது.

ஈழத்தைப் பற்றியது 2019இல் பெஞ்சமின் டிக்ஸ் எழுத லின்ட்சே பொலக் வரைந்த வன்னி. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் பணியாளராய் வன்னியில் இருந்த டிக்ஸ், பிழைத்தோரிடம் கேட்டறிந்த சாட்சியங்களைக் கற்பனைக் குடும்பங்களின் கதையாக அமைத்தார். 2004இன் ஆழிப்பேரலையிலிருந்து 2009இன் முடிவு வரை கதை செல்கின்றது. பிறநாட்டார் இருவர் ஆக்கியது என்பதனைக் குறையாகக் கூறலாம். அதனினும் பெரிய குறை, அதனை நாம் செய்யாதிருந்தமை.

நூலகத்தார்க்கும் சில கூறுவோம். சித்திர நாவல்களைச் சிறுவர் பகுதியில் மட்டும் அடுக்குதல் தவறு. மவுஸும் வன்னியும் சிறு பிள்ளைகளின் கையில் முன்னறிவிப்பின்றிக் கொடுக்கத்தக்கன அல்ல. அவற்றை வரலாற்று நூல்களின் அருகே வைத்தல் நன்று. வரலாற்று நாவல் ஒன்றை இரவல் வழங்கும்போது அக்காலத்து வரலாற்று நூல் ஒன்றையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். ஒரு தோட்டப் பாடசாலை மாணவன் நூலகத்திற்குள் நுழையும்போது, தன் குடும்பத்தின் கதை இராசராசன் கதையோடு ஒரே தட்டில் இருத்தலைக் காண்பானாயின், அவன் நிமிர்ந்து நடப்பான். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003இன் சட்டம் வரை அதன் எச்சத்தைச் சுமந்த ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு அந்நிமிர்வு சிறிய பொருளன்று.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. யூலை 28ஆம் நாள் தொடங்கி, முன்னோர் நடந்த வழியே வந்து, ஓகத்து 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. கால்கள் நினைவுகூர்ந்ததை இனிக் கைகள் எழுத வேண்டும், வரைய வேண்டும். முதலில் நடந்து வந்தோரைப் படம் பிடித்தார் இலர். ஆதலின், அவர்கள் முகத்தை வரைதற்கு ஓவியனே வேண்டும். அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதுதற்கு மாணவனே வேண்டும். ஸ்பீகல்மன் தன் தந்தையின் அருகே அமர்ந்ததுபோல, லயத்துத் திண்ணையில் இருக்கும் முதியவளின் அருகே சென்று அமர்தல் நம்மால் இயலாததன்று. அவள் நெஞ்சில் உள்ள நூல் அவளோடு மாள்வதற்கு முன், நம் மாணவர் அதனை எழுத்திலும் கோட்டிலும் இறக்குவாராக. நூலகத் தட்டில் அதற்கென ஓரிடம் இன்றே ஒதுக்கப்படுவதாக.