இருநூறு கிராம் கணக்கு

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஏரி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ரேஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்க, இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை, ஊரே திரண்டு வந்தது. அந்தப் பந்தயங்களுக்கு வண்டி கட்டியவர்கள் போட்ட கணக்கு ஒன்றுதான். எஞ்சினின் சக்தியை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. ஆகவே எடையைக் குறை, மிச்சமான எடையை வேண்டிய இடத்தில் வை. இரும்புத் தகடு இருந்த இடத்துக்கு அலுமினியமும் ஃபைபரும் வந்தது அதனால்தான். கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து வடிவமைத்த ஃபார்முலா மாருதி வண்டியும் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஃபைபர் உடல் போர்த்தியதுதான்.

இன்று அதே கணக்கை மிகக் கறாராகப் போடும் விளையாட்டு கோல்ஃப். அங்கே அது ஒரு டன் வண்டியில் நடக்கவில்லை, சுமார் 200 கிராம் எடையுள்ள மட்டைத் தலையில் நடக்கிறது. டீயில் பந்தை வைத்து முதல் அடி அடிக்கும் டிரைவரின் தலை டைட்டானியம், கார்பன் ஃபைபர், டங்ஸ்டன், அலுமினியம் என்று மூன்று நான்கு பொருள்களின் கூட்டாகிவிட்டது. கடைகளில் இதை ‘இன்னும் பத்து கஜம் தூரம்’ என்று சொல்லி விற்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பல பொருள்கள் கலந்த தலை கொடுப்பது தூரத்தை அல்ல, தவறிய அடிக்கு ஒரு மன்னிப்பை. அந்த மன்னிப்பு வார இறுதியில் நந்தனம் காஸ்மோ மைதானத்தில் ஆடுபவருக்குத்தான் அதிகம் தேவை, உலகச் சாம்பியனுக்கு அல்ல.

தூரத்தின் கதவு ஏன் மூடிவிட்டது என்பதை விதிப்புத்தகமே சொல்கிறது. பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. 2004 முதல் மட்டைத் தலையின் கொள்ளளவுக்கு எல்லை 460 கன சென்டிமீட்டர். தலையின் முகம் பந்தை ஸ்பிரிங் போல எவ்வளவு எற்றலாம் என்பதை, ஒரு சிறு ஊசல் முகத்தைத் தொட்டு மீளும் நேரத்தால் அளக்கிறார்கள். சலுகையையும் சேர்த்து 257 மைக்ரோவினாடிதான் உச்சம். பெரிய நிறுவனங்களின் மட்டைகள் எல்லாமே இந்தச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கின்றன. அடிபட அடிபட முகம் தளர்ந்து சுவரைத் தாண்டுவதும் உண்டு. 2019 பிரிட்டிஷ் ஓபனுக்கு முன் ஸாண்டர் ஷாஃப்லேயின் டிரைவரும், 2025 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்புக்கு முன் ரோரி மெக்கில்ராயின் டிரைவரும் சோதனையில் தேறாமல் வேறு மட்டையோடு களம் இறங்க வேண்டியிருந்தது. உச்ச ஆட்டக்காரர்களின் மட்டை எல்லையின் விளிம்பிலேயே வாழ்கிறது. அதற்கு மேல் தூரம் வேண்டுமானால் உடம்பைத்தான் வளர்க்க வேண்டும்.

மிஞ்சியது தலையின் எடையை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும்தான். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் அரை மில்லிவினாடிக்கும் குறைவு. பந்து மணிக்கு 215 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த இமைப்பொழுதில் முகம் வாங்கும் சராசரி விசை 600 கிலோ எடைக்குச் சமம். நடுவில் வாங்கினால் தலை நேராக முன்னே போகும். முனைப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வாங்கினால் தலை திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது நிலைமத் திருப்புத்திறன், கடைக்காரர்கள் எம்.ஓ.ஐ. என்று சொல்வது. அது 2,500 கிராம்-சதுர சென்டிமீட்டராக இருந்தால், பந்து பிரிவதற்குள் முகம் ஏறக்குறைய மூன்று டிகிரி திரும்பிவிடும். 5,000 ஆக இருந்தால் ஒன்றரை டிகிரி. இருநூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால் ஒன்றரை டிகிரி என்பது ஐந்து மீட்டர். முகத்தின் வளைவும் பந்தின் பக்கச் சுழலும் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனாலும் இழந்த வேகம் திரும்பி வராது.

திருப்புத்திறனைக் கூட்ட எடையை மையத்தில் இருந்து விலக்கி ஓரங்களுக்குத் தள்ள வேண்டும். ஒரே உலோகத்தில் செய்தால் அதற்கு வழியில்லை. தலை ஓட்டைக் கட்டுவதற்கே கிராம்கள் தீர்ந்துவிடும். அடர்த்தியைப் பாருங்கள்: ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.4, கார்பன் ஃபைபர் பலகை ஒன்றரையை ஒட்டி, டங்ஸ்டன் கலவை 17-க்கும் மேல். தலையின் மேல் ஓடு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அரை மில்லிமீட்டர் டைட்டானியத்தில் அது 22 கிராம். கார்பனில் சற்றுத் தடிமனாக 0.8 மில்லிமீட்டர் வைத்தாலும் 12 கிராம்தான். மிச்சமான 10 கிராமை டங்ஸ்டனாக்கிப் பின்பக்க அடியில் வைத்தால் அது ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் அடங்கிவிடும். எடை மையம் சில மில்லிமீட்டர் பின்னும் கீழும் நகரும். திருப்புத்திறனில் சில நூறு கூடும். பல பொருள் தலையின் ரகசியம் இவ்வளவுதான். இந்தப் பத்து கிராமுக்காகத்தான் இருபது ஆண்டுகளாக இத்தனை ஆராய்ச்சியும் இத்தனை காப்புரிமையும்.

கலப்பு என்பது புதிதும் அல்ல. ஸ்காட்லாந்தில் கைவினைஞர்கள் செய்த பழைய நீள்மூக்கு மட்டைகளில் மரத்தலையின் முதுகில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அடி விளிம்பு தேயாமல் இருக்க ஆட்டுக்கடாக் கொம்பைப் பதித்திருப்பார்கள். பிறகு பெர்சிமன் மரம் வந்தது. நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்த மரம். அதிலும் அடியில் பித்தளைத் தகடு, முகத்தில் வேறு பொருளில் பதித்த ஒரு துண்டு. 1993-இல் பெர்ன்ஹார்ட் லாங்கர் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றபோது கையில் இருந்தது பெர்சிமன் டிரைவர்தான். அதற்குப் பிறகு எந்தப் பெரிய பட்டத்தையும் மரத்தலை வென்றதில்லை.

1979-இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி உள்ளீடற்ற எஃகுத் தலையை விற்க ஆரம்பித்தார். 1991-இல் காலவேயின் பிக் பெர்த்தா 190 கன சென்டிமீட்டரில் வந்தபோது அதுவே ராட்சத அளவாகத் தெரிந்தது. 1995-இல் டைட்டானியத்தில் 250 ஆயிற்று. 2002-இல் அதே நிறுவனம் தலை முழுவதையும் கார்பனில் செய்து பார்த்தது. அடித்தால் எழும் சத்தம் மந்தமாக இருந்தது, ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. விரைவிலேயே டைட்டானியம் முகத்துக்குப் பின்னால் கார்பன் உடலை ஒட்டும் முறைக்கு வந்தார்கள். இந்த இடத்தில் யோனெக்ஸை மறக்கக் கூடாது. பாட்மின்டன் ராக்கெட்டால் நமக்குப் பழகிய அந்த ஜப்பானிய நிறுவனம் எண்பதுகளிலேயே கார்பன் தலையோடு கோல்ஃபுக்குள் வந்தது. 2022-இல் டெய்லர்மேட் 60 அடுக்குக் கார்பனில் முகத்தையே செய்து வெளியிட்டபோது உலகமே புதுமை என்று கொண்டாடியது. விதை நாற்பது ஆண்டு பழையது.

விதி எழுதுபவர்கள் இந்தப் பாதையையும் பார்த்துவிட்டார்கள். செங்குத்து அச்சைச் சுற்றிய திருப்புத்திறன் 5,900-ஐத் தாண்டக் கூடாது என்று 2006-இல் வரம்பு வந்தது. 2024-இல் சில டிரைவர்கள் ‘பத்தாயிரம்’ என்ற எண்ணோடு விளம்பரமானது நினைவிருக்கலாம். அது இரண்டு அச்சுகளின் எண்களைக் கூட்டி வந்த தொகை: பக்கவாட்டுத் தவறுக்கு ஒன்று, மேல்கீழ்த் தவறுக்கு ஒன்று. பொய் இல்லை. ஆனால் வாங்குபவர் அதை 5,900-இன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவார்.

இன்னொன்றையும் விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை. எடையைப் பின்னால் தள்ளினால் அடிக்கும் கணத்தில் முகம் சற்று மேல்நோக்கித் திறக்கும். பந்து உயரும், பின்சுழலும் கூடும். மெதுவாக வீசுபவருக்கு அது நல்லது, பந்து காற்றில் கூடுதலாக நிற்கும். வேகமாக வீசுபவருக்கு அதே சுழல் தூரத்தைத் தின்னும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் எடை முன்னால் இருக்கும், மன்னிப்பு குறைந்த வகையைத் தேர்வது இதனால்தான். டூரில் ஒருவர் கையில் இருக்கும் மட்டையைப் பார்த்து அதையே வாங்குவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

தூரமே எல்லாம் என்று நம்புபவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் போட்டியை மறுபடி பார்க்கட்டும். நம் நாட்டின் அதிதி அசோக் அங்கே களத்திலேயே மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். நான்கு சுற்றில் 15 அண்டர் பார், நான்காம் இடம், வெண்கலத்துக்கு ஒரே ஒரு அடி குறைவு. மற்றவர்கள் குட்டை இரும்பு மட்டையால் கிரீனைத் தேடியபோது அவர் நீள மட்டைகளை எடுக்க வேண்டியிருந்தது. பந்து போக வேண்டிய இடத்துக்குப் போனதும், அதைக் குழிக்குள் உருட்டும் புட்டிங்கும்தான் அவரை அங்கே நிறுத்தின. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. அந்த ஒரு அடி இன்றும் வலிக்கவும் செய்கிறது.

இனி சோழவரத்தைச் சுற்றிய நம் பகுதியின் பேச்சு. பல பொருள் தலையில் கடினமான வேலை கார்பனும் அல்ல, டைட்டானியமும் அல்ல. இரண்டும் சேரும் இடம். டைட்டானியத்தைக் கார்பனோடு பற்றவைக்க முடியாது. ஓரத்தில் ஒரு படி வெட்டி, எபாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்க வேண்டும். வெயிலில் இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் விரியும். கார்பனுக்குப் பக்கத்தில் அலுமினியத்தை நேராக வைத்தால், உப்புக்காற்றின் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வேண்டும். டைட்டானியத்துக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

இந்த அறிவு இந்தப் பக்கத்துக்கு அந்நியமானது அல்ல. கும்மிடிப்பூண்டியைத் தாண்டித் தேர்வாய்கண்டிகையில் மிஷலின் டயர் செய்கிறது. டயருக்குள் ஓடும் எஃகுக் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசுவதே ரப்பர் அதைப் பிடித்துக்கொள்ளத்தான். கந்தகத்தோடு வேகும் ரப்பர் பித்தளையோடு பிணையும். பல பொருளைப் பிரியாமல் சேர்ப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். சிப்காட்டின் வார்ப்பாலைகளிலும் அம்பத்தூரில் இருந்து திருவள்ளூர் வரையிலான சி.என்.சி. பட்டறைகளிலும் மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் கைகள் இருக்கின்றன. மட்டைத் தலையை வார்க்கும் முறையும் சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கும் மெழுகு முறையின் உறவுதான்: மெழுகில் உரு, அதன் மேல் ஓடு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம். ஆனால் உருகிய டைட்டானியம் ஆக்சிஜனை விழுங்கிக் கெட்டுவிடும், ஆகவே வெற்றிடத்தில் வார்க்க வேண்டும். தைவானும் சீனாவும் வியட்நாமும் அந்த முதலீட்டைச் செய்தன, உலகின் மட்டைத் தலைகளில் பெரும்பகுதி அங்கே பிறக்கிறது. நம்மிடம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் இல்மனைட்டாக டைட்டானியம் கிடக்கிறது. கேரளத்தின் சவறாவில் 2011 முதல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் செய்யும் ஆலை இஸ்ரோவின் துணையோடு இருக்கிறது. ஆனாலும் இந்தத் தாதுவில் பெரும்பகுதி உலகெங்கும் வெள்ளைப் பெயிண்ட் நிறமியாகத்தான் முடிகிறது.

நம் பட்டறைகள் டிரைவரில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. புட்டரில் தொடங்கலாம். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் 1959-இல் தன் வீட்டுக் கராஜில் செய்த பிங் புட்டர்தான், எடையை ஓரங்களுக்குத் தள்ளினால் தலை திரும்பாது என்பதை ஆட்டக்காரர்கள் கையில் உணர்த்தியது. நாம் செய்யும் புட்டருக்கு அலுமினிய உடல், இரு ஓரத்திலும் எஃகோ டங்ஸ்டனோ. மோதல் விசை மிகக் குறைவு, வெற்றிட உலை தேவையில்லை. அளவு பிசகாமல் கடைந்தால் போதும்.

கடைசியாக, பழைய டிரைவரை விலைக்குப் பார்ப்பவர்களுக்கு. முகத்தைப் பார்ப்பதற்கு முன் கார்பனும் உலோகமும் சேரும் கோட்டில் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். படி தட்டினாலோ பெயிண்டில் முடி போல விரிசல் ஓடினாலோ விட்டுவிடுங்கள். தலையைக் காதோரம் வைத்து ஆட்டுங்கள். உள்ளே கலகலத்தால் பெரும்பாலும் உதிர்ந்த பசைக் கட்டி, சில நேரம் கழன்ற எடை. வாங்கிய பிறகு மே மாதத்து வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். மட்டைக் கம்பைக் கழற்ற வேண்டிய பட்டறைக்காரர், கம்பு தலைக்குள் நுழையும் கழுத்தைச் சூடாக்கித்தான் பசையை இளக்குகிறார். டிக்கியின் சூடு அந்த அளவுக்குப் போகாது என்றாலும், கோடை முழுதும் சூடேறிச் சூடேறி ஆறும் ஒட்டு வலுவிழக்கும்.