தேயிலையும் ஆய்வுகூட எலியும்

மத்திய மலைநாட்டிலே தலவாக்கலையை அடுத்துள்ள சென் கூம்ஸ் தோட்டம் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு உறைவிடமாய் விளங்குவது. அத்தோட்டத்துத் தொழிற்சாலையிற் பதனிடப்பட்ட கருந்தேயிலை, கப்பலேறும் பெட்டிகளில் மட்டுமன்றி ஆய்வுகூட எலிகளின் இரைப்பையிலும் சென்று சேர்ந்துள்ளது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையினர் அந்நிலையத்தாருடன் கூடி நிகழ்த்திய ஆய்வுகள் பல. தேநீர் சிறுநீரைப் பெருக்குமா, நோவைத் தணிக்குமா, வீக்கத்தை அடக்குமா என்பன அவற்றில் எழுந்த வினாக்கள். மனிதன் அருந்தும் ஒன்றரை, மூன்று, ஒன்பது கோப்பைகளுக்கு நிகரென மதிக்கப்பட்ட அளவுகளில் தேயிலை வடிநீர் எலிகளுக்கு வாய்வழியே ஊட்டப்பட்டது. கிடைத்த விடைகள் பெரும்பாலும் தேயிலைக்குச் சாதகமானவை.

இவ்வாய்வாளர்தம் நேர்மை ஐயத்துக்குரியதன்று. அவர்கள் கையாண்டவை உலகெங்கும் வழங்கும் முறைகளே. ஆயின், உலகெங்கும் வழங்கும் அம்முறைகளையே உரைத்துப் பார்த்தல் வேண்டும். நோவு தணிதலை அளத்தற்கு எலியைச் சூடேறிய தட்டின்மீது நிறுத்தி, அது பாதத்தை நக்கும் வரையோ துள்ளும் வரையோ கழியும் நொடிகளை எண்ணுவர். வீக்கத்தை அளத்தற்குக் கடற்பாசியினின்று பெறப்படும் கராஜினன் என்னும் பொருளைப் பாதத்தில் ஊசியால் ஏற்றி, அது வீங்குமாற்றைக் குறிப்பர். இத்துன்பத்துக்கு ஈடாகப் பெறப்படும் அறிவு யாது என்பதே மதிப்பீட்டின் முதல் வினாவாதல் வேண்டும்.

1959ஆம் ஆண்டில் றசல், பேர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் விலங்குப் பரிசோதனையின் ஒழுக்கம் பற்றி ஒரு நூல் யாத்தனர். விலங்குக்குப் பதிலாக வேறொன்றைக் கொள்ளுதல், விலங்குகளின் தொகையைக் குறைத்தல், துன்பம் குறையுமாறு முறையைச் செம்மைசெய்தல் என அவர்கள் வகுத்த மூன்றும் இன்று பல நாடுகளில் ஒழுக்கநெறிக் குழுக்களுக்கு அடிப்படையாயுள்ளன. எனினும், நடைமுறையில் மூன்றாவதற்குக் கிடைக்கும் கவனம் முதலாவதற்குக் கிடைப்பதில்லை. கூண்டின் அகலம், படுக்கைத் தூள், அறையின் வெப்பநிலை ஆகியன படிவத்தில் ஒழுங்காக நிரப்பப்படும். இவ்வினாவை எலியிடம் கேட்டல் வேண்டுமா என்பதோ ஒற்றை வரியிற் கடந்து செல்லப்படும்.

தேயிலையைப் பொறுத்தவரை இக்குறை பெரிது. புதுமருந்தாயின் மனிதனுக்கு ஊட்டுமுன் விலங்கில் அறிதற்கு நியாயம் உண்டு. தேநீரோ நூற்றாண்டுகள் பலவாகக் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் மாந்தி வருவது. அது சிறுநீரைப் பெருக்குமா என்பதை உடன்பட்டுவரும் பத்து மாணவர், ஓர் அளவுசாடி ஆகியவற்றின் துணையால் அறியலாம். லிப்ரன் தேயிலையை அக்காலத்தில் உடைமையாகக் கொண்டிருந்த யூனிலீவர் நிறுவனம், தேயிலைக்கான விலங்குப் பரிசோதனைகளைக் கைவிடுவதாக 2011இல் அறிவித்தது. விலங்குரிமை இயக்கத்தாரின் நெருக்குதல் அதற்கொரு காரணம். ஆயினும் வேறோர் உண்மையும் உண்டு: உணவுப் பொருள் உடல்நலம் தரும் என்னும் கூற்றை மெய்ப்பித்தற்கு மனிதரிற் பெற்ற சான்றே இன்றியமையாதது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் நிலைப்பாடு. எலியிற் பெற்ற சான்று அங்கே துணைச்சான்று மட்டுமே. விளம்பரத்துக்கும் உதவாத சான்றுக்காக ஓர் உயிரை வருத்துதல் எவ்வகையிற் பொருந்தும்?

எலி சில வேளைகளில் தவறான விடையையும் தரும். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிலே காலையுணவு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சாயத் தேநீருமாம். கொழுந்து பறிக்கும் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் குறை. தேயிலையிலுள்ள பல்பீனோல்கள் தானிய உணவிலுள்ள இரும்புடன் பிணைந்து அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுப்பன. ஆதலின் தேநீரை உணவோடு அருந்துவதா, சற்றுப் பின்னர் அருந்துவதா என்பது இப்பெண்களுக்கு வெறும் நூலறிவன்று. அமெரிக்காவில் ரெட்டி, குக் என்னும் ஆய்வாளர் இருவர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு உறிஞ்சலை மனிதரிடத்தும் எலியிடத்தும் ஒப்பிட்டு நோக்கினர். மனிதரில் உறிஞ்சலைப் பெரிதும் குறைத்த தேநீர் முதலிய பொருள்கள் எலியில் ஒன்றில் விளைவேதும் காட்டவில்லை, அன்றேல் மிகச் சிறிதே காட்டின. மனிதரின் இரும்பூட்டத்தை அளவிடுதற்கு எலி ஏற்ற உயிரன்று என்பது அவர்தம் முடிபு. எலியை மட்டும் நம்பிய ஒருவர் தோட்டத்துத் தாய்க்கு, 'ரொட்டியோடு தேநீர் தாராளமாகக் குடிக்கலாம்' என்று கூறியிருப்பார். அவ்வெலிகள் எத்துணை அன்போடு பேணப்பட்டிருப்பினும் அறிவுரை பிழையாகவே இருந்திருக்கும்.

வினா தக்கதாய் அமைந்தவிடத்தும் பரிசோதனையின் கட்டமைப்புப் பழுதாதல் கூடும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அரச நிதிபெற்ற 271 ஆய்வுக்கட்டுரைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான மதிப்பீடொன்று, அவற்றுள் 87 வீதமானவை விலங்குகளை எழுமாறாகக் குழுக்களிற் பிரித்ததாகக் கூறவில்லை என்று கண்டது. எக்குழுவுக்கு எது ஊட்டப்பட்டது என்பதை அளப்பவர் அறியாதவாறு மறைக்கும் முறை 86 வீதமானவற்றிற் குறிக்கப்படவில்லை. எலி எந்நொடியிற் பாதத்தை நக்கிற்று என்பதைக் கண்ணாற் பார்த்து எழுதுபவர், அது தேநீர் குடித்த எலி என்பதையும் அறிந்திருப்பின், அவரது நன்னம்பிக்கை கடிகாரத்திலும் ஏறிவிடும். விலங்குகளின் தொகையும் அத்தகையதே. இரக்கத்தாற் சில எலிகளை மட்டும் கொண்டு, உண்மை விளைவைப் பிரித்தறிய இயலாத ஆய்வொன்றை நடத்துவோர் அச்சிலவற்றையும் வீணே வருத்தியோராவர்.

எலியை விடுத்து மனிதரிடம் செல்லுதல் மட்டும் ஒழுக்கமாகிவிடாது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1969இல் தென்னாசியப் பெண்கள் ஏறக்குறைய 21 பேருக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி உண்ணத் தரப்பட்டது. சோகைக்குத் தீர்வு காண்பதே அந்த ஆய்வின் நோக்கம். தாம் உண்டது யாதெனத் தமக்கு விளக்கப்படவில்லை என்று அவர்களுட் சிலர் பிற்காலத்திற் கூறினர். தோட்டத்து மருந்துச்சாலையிற் கேட்கப்படும் 'சம்மதமா?' என்னும் வினாவுக்கு, துரையின் பேரேட்டிற் பெயருள்ள பெண்ணொருத்தி 'இல்லை' எனக் கூறுதல் எளிதன்று. எலிக்கு வாயில்லை, அவளுக்கு வாயுண்டு என்பதனாலேயே அவள் பேசிவிட்டாள் என்று கொள்ளலாகாது.

விலங்குப் பரிசோதனை முற்றும் வேண்டா என்பார்க்குக் களைகொல்லி நஞ்சுகளைக் காட்டி மறுமொழி கூறுவதுண்டு. மனிதருக்கு நஞ்சூட்டிப் பார்த்தல் இயலாது என்பது மெய்யே. ஆயின் அங்கும் எலியின் விடை எத்துணைத் தூரம் செல்லுபடியாகும் என்பது ஆராயற்பாலது. விலங்குகளிற் பாதியைக் கொல்லும் அளவைக் கணிக்கும் சோதனையை ஆங்கிலேயரான றெவன் 1927இல் வகுத்தார். தேயிலைத் தோட்டங்களிற் புல்லழித்தற்குப் பயன்பட்ட பரக்குவாற்று, எலியில் அவ்வாறு கண்ட அளவைக்கொண்டு 'மிதமான தீங்குடையது' என்னும் இரண்டாம் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தால் வைக்கப்பட்டது. இலங்கையின் வடமத்திய பகுதி மருத்துவமனைகள் இரண்டில், பீடைகொல்லி உட்கொண்ட நிலையிற் சேர்க்கப்பட்ட 9,302 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வோ, பரக்குவாற்று உட்கொண்டோருள் நூற்றுக்கு 42 பேரளவில் இறந்தனர் எனக் காட்டிற்று. அதே வகுப்பிலிருந்த வேறு சில நஞ்சுகளால் இறந்தோர் தொகை இதனிற் பன்மடங்கு குறைவு. இலங்கை அரசு அம்மருந்தை 2008 முதற் படிப்படியாகத் தடைசெய்தது. பாதியைக் கொல்லும் அப்பழைய சோதனை முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பு 2002இல் தன் நெறிப்பட்டியலினின்று நீக்கி, குறைந்த தொகை விலங்குகளைக் கொள்ளும் முறைகளை அதனிடத்தில் வைத்தது. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பீடு இன்றும் முதன்மையாக எலியின் இறப்பளவையே அடிப்படையாகக் கொள்கின்றது. மருத்துவமனைப் பதிவேடுகளுக்கு அதில் இரண்டாமிடமே.