லானி ஜான்சன்: எந்த மேடையிலும் நின்று ஆடிய கிதார்

1927 டிசம்பர் 13, சிகாகோ. ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழு 'ஹாட்டர் தேன் தேட்' என்ற உருப்படியைப் பதிவு செய்கிறது. குழுவில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. தாளத்தைத் தாங்குவது பியானோவும் பாஞ்சோவும்தான். அன்று ஐவரோடு ஆறாவது ஆளாக வந்து உட்கார்ந்தவர், ப்ளூஸ் பாடகராக இசைத்தட்டுகளில் பெயர் வாங்கியிருந்த லானி ஜான்சன்.

மூன்று நிமிட உருப்படி அது. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்கின்றன. ஆம்ஸ்ட்ராங் சொற்களே இல்லாமல், வெறும் ஓசைகளால் பாட ஆரம்பிக்கிறார். கூடவே ஒலிப்பது ஜான்சனின் கிதார் மட்டும். நான்கு அடித் தாளத்தின் குறுக்கே மூன்று மூன்றாக வெட்டிக்கொண்டு போகிறார் ஆம்ஸ்ட்ராங். கேட்பவருக்குத் தாளம் நழுவுவதுபோல் இருக்கும். கிதார் நழுவவில்லை. அந்த வெட்டுக்கு அடியில் நான்கை அப்படியே பிடித்து நிற்கிறது. அடுத்து, குரல் ஒரு வரி சொன்னால் கிதார் பதில் வரி சொல்கிறது. சில நொடிகளுக்கு முன் பக்கவாத்தியமாக இருந்தது, இப்போது ஆம்ஸ்ட்ராங்குக்குச் சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறது. உருப்படியை முடித்துவைப்பதும் கிதார்தான். முடிந்தும் முடியாத ஒரு டிமினிஷ்ட் கார்டை வைத்துவிட்டு நிறுத்துகிறார் ஜான்சன்.

இந்த ஒரு பதிவை அலசினாலே ஜான்சனின் பலம் பிடிபட்டுவிடும். தாளம் பிடிக்கவும் தெரியும், பாடகருக்கு இடம் விடவும் தெரியும், முன்னால் வந்து பேசவும் தெரியும். எப்போது எதைச் செய்வது என்பதும் தெரியும். அன்றைய கிதார்காரர்களில் இந்த மூன்றையும் ஒரே பதிவில் காட்டியவர்கள் மிகச் சிலர்.

வயலினில் விழுந்த அஸ்திவாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் ஜான்சன். தந்தையின் குழுவில் விருந்துகளிலும் திருமணங்களிலும் வாசித்து வளர்ந்தார். அங்கே அவர் கையில் இருந்தது வயலின். ஜான்சனின் கிதாரைப் புரிந்துகொள்ள நல்ல வழி இதுதான். வயலின்காரர் ஒற்றைச் சுரவரிசையாக யோசிப்பார். சுரத்தை நீட்டுவார், அசைப்பார், வழுக்கி அடுத்ததற்குப் போவார். அந்தக் காலத்துக் கிதாரின் வேலையோ பெரும்பாலும் கார்டு அடித்துத் தாளம் கொடுப்பது. ஜான்சன் தந்தியைக் குறுக்கே தள்ளிச் சுரத்தை வளைத்தார், விரலை அதிரவிட்டு நீட்டினார், மேல்தந்திகளில் முழுநீள வரிகளைப் பாடவைத்தார்.

காலமும் கைகொடுத்தது. புனல் முன்னால் வாசித்துப் பதிவு செய்த நாட்களில் கிதாரின் மெல்லிய ஒலி மற்ற வாத்தியங்களுக்குள் மூழ்கிப்போகும். 1925-க்குப் பிறகு மைக் வழியாகப் பதிவு செய்யும் முறை பரவியது. விரலின் நுணுக்கம் தட்டில் விழ ஆரம்பித்தது. கேட்கவைக்க அப்போது அவரிடம் ஏராளமாகச் சரக்கு இருந்தது.

சொந்த வாழ்க்கையில் அதற்குள் பேரிடி விழுந்திருந்தது. 1917-இல் ஓர் இசைக்குழுவோடு இங்கிலாந்துக்குப் போனவர் 1919-இல் ஊர் திரும்பினார். 1918-இன் இன்ஃபுளுயன்ஸா கொள்ளைநோய் குடும்பத்தையே வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது அவரும் ஒரு சகோதரரும்தான். ஜான்சன் செயிண்ட் லூயிஸுக்குப் பெயர்ந்து, மிசிசிப்பி ஆற்றில் ஓடிய கப்பல்களின் இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தார். 1925-இல் அங்கே புக்கர் டி. வாஷிங்டன் அரங்கில் ஒரு ப்ளூஸ் போட்டி நடந்தது. வென்றவருக்கு ஓக்கே நிறுவனத்தின் ஒப்பந்தம் பரிசு. வென்றவர் ஜான்சன். இசைத்தட்டில் இடம் கிடைக்க எதையும் செய்திருப்பேன், நடந்தது ப்ளூஸ் போட்டியாக இருந்ததால் ப்ளூஸ் பாடினேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு போட்டியின் பெயர் அவர் நெற்றியில் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

உச்ச காலம்

1925-க்கும் 1932-க்கும் இடையே ஓக்கே நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்தவை சுமார் 130. அதற்குள்ளும் 1927 முதல் 1929 வரையிலான காலம் தனி. ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்த மறு ஆண்டே, 1928 அக்டோபரில், நியூயார்க்கில் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவோடு 'தி மூச்', 'ஹாட் அண்ட் பாதர்ட்' ஆகியவற்றில் வாசித்தார். எலிங்டனின் இசை கணக்காக எழுதி அடுக்கியது. அந்த அடுக்குக்குள் தனக்குக் கிடைத்த சில வரிகளில் மட்டும் பேசிவிட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்கினார்.

இதற்கு நேர் எதிர், டெக்சஸ் அலெக்சாண்டருக்கு வாசித்தது. அலெக்சாண்டர் தாளக் கணக்குக்குக் கட்டுப்படாத பாடகர். மூச்சு முடியும் இடத்தில் வரி முடியும். அவருக்கு வாசிப்பவர் கணக்கை மறந்துவிட்டுப் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். எலிங்டனிடம் கணக்கு, அலெக்சாண்டரிடம் காது. இரண்டு இடத்திலும் ஒரே கைதான், இரண்டு இடத்திலும் அது அந்நியமாகத் தெரியவில்லை.

உச்சத்தின் உச்சம் எடி லேங்கோடு வாசித்த இரட்டைக் கிதார் பதிவுகள். லேங் வெள்ளைக்காரர், ஃபிலடெல்ஃபியாவின் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பர்களுக்கென்று தனி வரிசையில் இசைத்தட்டு விற்ற காலம் அது. இருவரும் சேர்ந்து வாசித்ததை வெளியிட, லேங்குக்கு 'பிளைண்ட் வில்லி டன்' என்று புனைபெயர் போட்டார்கள். நிறவெறிச் சந்தை இரண்டு மேதைகளை ஒரே அட்டையில் சொந்தப் பெயரோடு நிற்கக்கூட விடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 1929-இன் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ரிஃப்ஸ்' கேளுங்கள். கீழே லேங் கார்டுகளையும் அடித்தந்தி நடையையும் பின்னிக்கொண்டே போகிறார். மேலே ஜான்சன் சுற்றுக்குச் சுற்று புது வரி எடுக்கிறார். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. வேகம் கடுமையானது, ஆனால் எந்தச் சுரமும் மங்கவில்லை. லேங் 1933-இல், முப்பது வயதில், டான்சில் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து இறந்துபோனார். அந்த ஜோடியின் கதை அத்தோடு முடிந்தது.

பலவீனம்

ஜான்சனிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பாடிய ப்ளூஸ் தட்டுகளை வரிசையாகக் கேட்டால், ஒரே முன்வாசிப்பு திரும்பத் திரும்ப வரும். பாட்டுக்குப் பாட்டு மெட்டும் ஏறக்குறைய ஒன்றே. நிறைய வாசித்தது டி ஸ்கேலை ஒட்டித்தான். தட்டுக்குத் தட்டு விற்றாக வேண்டிய தொழிலில் பழகிய தடத்தை அவர் விடவில்லை. குரல் நின்று கிதார் தனியே ஓடும் இடங்களில்தான் அவருடைய கற்பனை முழுசாகத் திறக்கிறது. 1928-இன் 'அவே டவுன் இன் தி ஆலி ப்ளூஸ்' என்ற தனிக் கிதார்ப் பதிவு அதற்குச் சாட்சி.

விழுந்து விழுந்து எழுந்தவர்

1930-களின் பொருளாதார மந்தம் இசைத்தட்டுத் தொழிலையே சாய்த்தது. ஜான்சன் உருக்காலை வேலைக்குப் போனார். 1937-இல் சிகாகோவில் மறுபடி தலைதூக்கினார். பிறகு சின்சினாட்டியின் கிங் நிறுவனத்துக்காகப் பாடிய 'டுமாரோ நைட்' 1948-இல் பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. அது ப்ளூஸே கிடையாது, இனிமையான காதல் பாட்டு. 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியும் அதைப் பதிவு செய்தார்.

அடுத்த சரிவு இன்னும் ஆழம். 1950-களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹோட்டலில் துப்புரவுத் தொழிலாளி. வானொலி அறிவிப்பாளர் கிறிஸ் ஆல்பர்ட்சன் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1960-இல் புது ஆல்பம் வந்தது. 1963-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம். புதிதாக வந்த ரசிகர்களோ அவரிடம் பழைய கிராமத்து ப்ளூஸை எதிர்பார்த்தார்கள். அவர் நகரத்துக் கலைஞர். காதல் பாட்டும் ஜாஸும் அவருக்கு உயிர். 1960-இல் கிதார் கலைஞர் எல்மர் ஸ்னோடனோடு செய்த 'ப்ளூஸ் அண்ட் பாலட்ஸ்' ஆல்பத்தில்தான் இரண்டு முகங்களும் சேர்ந்து கிடைக்கின்றன.

கடைசி ஆண்டுகள் கனடாவின் டொராண்டோவில். 1969-இல் கார் மோதிப் படுத்த படுக்கையானார், பக்கவாதமும் வந்தது. 1970 பிப்ரவரியில் மாஸ்ஸி ஹாலில் ஊன்றுகோலோடு மேடையேறி, ப்ளூஸ் கலைஞர் பட்டி கை கிதார் வாசிக்கப் பாடினார். அரங்கம் எழுந்து நின்றது. அதே ஆண்டு ஜூன் 16-இல் காலமானார்.

தீர்ப்பு

கிரிக்கெட்டில் ஆல்-ரவுண்டரின் கணக்கு இரண்டு பட்டியலில் சிதறிக் கிடப்பதால் இரண்டிலும் அவர் பெயர் கீழே போய்விடும். ஜான்சனுக்கு நடந்தது அதுதான். ப்ளூஸ் வரலாறு எழுதியவர்கள் அவரை ரொம்ப மெருகானவர் என்று ஒதுக்கினார்கள். ஜாஸ் வரலாறு எழுதியவர்கள் ப்ளூஸ் பாடகர் என்று கடந்துபோனார்கள்.

இசை வாசித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1937-இல் பதிவு செய்த 'மால்டட் மில்க்' பாட்டில் லானியின் குரலும் விரலும் அப்படியே ஒலிக்கின்றன. பி.பி. கிங் தன் ஆசான்களில் ஒருவராக அவரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாப் டிலன் அவரிடம் ஒரு வாசிப்பு முறையையே கற்றுக்கொண்டதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

என் கணக்கு இது. ஒற்றைச் சுரவரிசையில் கிதார் பாடும் கலை என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் சார்லி கிறிஸ்டியனும். ஜாங்கோவின் புகழ்பெற்ற குழுப் பதிவுகள் 1934-இல் தொடங்குகின்றன. கிறிஸ்டியன் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தது 1939-இல். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஜான்சன் பதில் சொன்னதோ 1927-இல். கிதார் கற்கும் இளைஞர்கள் ராக் ஜாம்பவான்களின் சோலோக்களை மனப்பாடம் செய்வதற்கு முன் 'ஹாட்டர் தேன் தேட்', 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ரிஃப்ஸ்', 'டுமாரோ நைட்' மூன்றையும் இதே வரிசையில் கேட்க வேண்டும். ஜாஸ், ப்ளூஸ், காதல் பாட்டு என்று மேடை மாறிக்கொண்டே இருக்கும், பேசும் கிதார் ஒன்றாகவே இருக்கும். ப்ளூஸ் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலும் ஜாஸ் கிதார் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலும் ஒரே பெயரை எழுதலாம் என்றால், அந்த உரிமை லானி ஜான்சனுக்குத்தான்.